சூளையில் சூளை எங்கே?

போன தை மாதம் எங்கள் தாத்தா வீட்டை இடித்தோம். சென்னை சூளையில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிக்கொண்டு நின்ற நூறு வருஷத்துப் பழைய வீடு. தாத்தாவின் அப்பா கட்டியது. மேல்தளத்து மரக்கட்டைகளைக் கரையான் அரித்து, இரண்டு மழைக்காலமாக ஒரு அறையைப் பூட்டியே வைத்திருந்தோம். எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுத்தோம் என்றாலும், இடிக்கிற அன்று காலையில் அங்கே போய் நிற்காமல் இருக்க முடியவில்லை.

இடிக்க வந்தவர்கள் செங்கல்லைத் தூக்கி எறியவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, சந்தின் ஓரமாக அடுக்கிக்கொண்டே வந்தார்கள். சிமெண்ட் கட்டடமாக இருந்தால் இப்படி எடுக்க முடியாது, காரை கல்லைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், கல்தான் உடையும். சுண்ணாம்புக் காரை விட்டுக்கொடுக்கும். மேஸ்திரி இரண்டு கல்லைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். கணீர் என்று ஒரு சத்தம். "பாத்தீங்களா சார், வெண்கலம் மாதிரி பேசுது. நல்லா வெந்த கல்லு. இங்கயேதான் சுட்டிருப்பாங்க, ஊர் பேரே சூளைதானே" என்றார்.

அந்தக் கல் இங்கே சுட்டதாக இருக்காது. எங்கள் வீடு எழும்பிய காலத்தில் இந்தப் பகுதி மில்லும் சந்தையும் நெருக்கமான குடியிருப்புமாக மாறியிருந்தது, சூளை வைக்க இடம் ஏது. ஆனாலும் அவர் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. சூளை என்றால் செங்கல் சூளை என்று சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்தே ஆயிரம் தடவை முகவரி எழுதியிருக்கிறேன். அந்தப் பெயருக்குள் ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலையைச் செய்தவர்கள் இருந்தார்கள் என்பதை அன்றைக்குத்தான், கையில் கல்லை வைத்துக்கொண்டு, சரியாக யோசித்தேன்.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பெயர்கள் வேலையின் பெயர்கள்தான். சூளையிலிருந்து நடக்கிற தூரத்தில் கொசப்பேட்டை. குயவர்களை, அதாவது குசவர்களை, வைத்து வந்த பெயர். விநாயகர் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் முன்னால் அங்கே போனால் இன்றும் தெருவோரம் களிமண் பிள்ளையாரும் கொலு பொம்மையும் காய்ந்துகொண்டிருக்கும். பக்கத்தில் பட்டாளம், ராணுவக் குடியிருப்பு இருந்த இடம். கிழக்கே யானைகவுனி. வடக்கே தள்ளிப் போனால் வண்ணாரப்பேட்டை. கூவத்துக்கு அந்தப் பக்கம் சூளைமேடு, அதுவும் நம்ம சொந்தக்காரப் பெயர்தான். மதுரைக்குப் போனால் காளவாசல். காளவாய் என்றாலும் சூளைதான். தமிழ்நாட்டில் எந்தப் பழைய நகரத்தின் ஓரத்தைத் தோண்டினாலும் இப்படி ஒரு பெயர் கிடைக்கும் என்பது என் நம்பிக்கை.

ஓரத்தில் என்று சொன்னேனே, அதுதான் முக்கியம். சூளையை யாரும் ஊருக்கு நடுவில் வைக்க மாட்டார்கள். புகை ஒரு காரணம். ஓலைக் கூரையும் கீற்றுக் கொட்டகையுமாக இருந்த ஊரில் நெருப்புப் பயம் இன்னொரு காரணம். அதைவிட, சூளைக்கு வேண்டியது மூன்று: மண், தண்ணீர், விறகு. இந்த மூன்றும் ஊருக்கு வெளியே ஏரிக்கரையிலும் ஓடைக்கரையிலும்தான் கிடைக்கும். ஆனால் ரொம்ப தூரத்திலும் வைக்க முடியாது. ஒரு கல் மூன்று கிலோ கனக்கும், மாட்டு வண்டியில் எத்தனை ஏற்றுவது? அதனால் நகரத்தின் விளிம்பில், வண்டி போய் வருகிற தூரத்தில் சூளை நிற்கும். நகரம் அந்தக் கல்லை வைத்தே வளரும். வளர்ந்து வந்து சூளையைத் தொட்டதும், சூளை எழுந்து இன்னும் தள்ளிப் போய் உட்காரும். பெயரை மட்டும் பழைய இடத்தில் விட்டுவிடும்.

நம்ம சூளை நகரத்தின் விளிம்பாக இருந்ததற்கு அடையாளம் இன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1746-ல் சென்னையைப் பிடித்தார்கள், 1758-ல் மறுபடி வந்து முற்றுகை போட்டார்கள், 1769-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரத்து வாசல் வரைக்கும் வந்துவிட்டது. பயந்துபோன கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். ஒப்பந்தம் எடுத்தவர் பால் பென்ஃபீல்ட். மதிலுக்கான செலவை ஊர் மக்களிடம் வரியாக வாங்க நினைத்தார்கள், அந்த வரி வசூலாகவே இல்லை, மதிலை ஒட்டிய சாலைக்கு மட்டும் வால்டாக்ஸ் சாலை, அதாவது மதில் வரிச் சாலை, என்று பெயர் நின்றுவிட்டது. யானைகவுனியில் உள்ள கவுனி அந்த மதிலின் வாசல். ராயபுரத்துப் பக்கம் மாடிப் பூங்கா என்று ஒரு துண்டு மதில் இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். வால்டாக்ஸ் சாலைக்கு மேற்கே வந்தால் மதிலுக்கு வெளியே வந்துவிட்டோம் என்று அர்த்தம். அங்கேதான் எங்கள் பேட்டை.

சரி, சூளை எப்படி எரியும்? இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு நண்பரின் நிலத்துக்குப் பக்கத்தில் நாட்டுச் சூளை போடுவதை மூன்று முறை போய்ப் பார்த்தேன்.

முதலில் மண். வெறும் களிமண் ஆகாது, காயும்போது வெடித்துவிடும். மணல் அதிகமானால் கல் உதிரும். இரண்டும் சரியாகக் கலந்த வண்டல் வேண்டும். அதில் சின்னச் சுண்ணாம்புக் கட்டி கிடந்தால்கூட ஆபத்து: சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும், அப்புறம் சுவரில் ஈரம் பட்டதும் பூத்து, உள்ளிருந்தே கல்லைப் பிளக்கும். மண்ணை வெட்டி, தண்ணீர் விட்டு ஊறவைத்து, காலால் மிதிப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கே ஆரம்பித்துவிடுவார்கள், வெயில் ஏறினால் முடியாது. மிதித்த மண்ணை அச்சில் அடித்து, மேலே வழித்துவிட்டு, தரையில் கவிழ்ப்பதற்குக் கல் அறுக்கிறது என்று பெயர். புருஷன் அறுப்பார், மனைவி மண் உருட்டிக் கொடுப்பார், பிள்ளைகள் காய்ந்த கல்லைத் திருப்பிப் போடுவார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு.

அறுத்த கல் பச்சைக் கல். அது காய்கிறவரை ஒரு மழை வந்தால் போதும், பத்து நாள் உழைப்பு சேறாகி ஓடிவிடும். அதனால்தான் சூளை வேலை மழைக்காலம் முடிந்த பிறகு தை வாக்கில் தொடங்கி கோடையோடு முடிகிறது. காய்ந்த கல்லை நடுவில் தீவாய் விட்டு ஆளுயரத்துக்கு மேல் அடுக்கி, வெளியே சேறு பூசி மூடி, விறகு வைத்துப் பற்றவைப்பார்கள். இராத்திரி பகலாக நெருப்பு நிற்கக் கூடாது. உள்ளே சூடு 900, 1000 டிகிரி வரை ஏறும். மண்ணில் இருக்கிற இரும்புதான் அந்தச் சூட்டில் சிவப்பாகிறது. தீக்குப் பக்கத்தில் இருக்கிற கல் கருகி வளைந்துவிடும், ஓரத்துக் கல் அரைவேக்காடாக நிற்கும், நடுவில் இருப்பதுதான் நல்ல கல். எவ்வளவு நெருப்பு, எத்தனை நாள் என்பதைப் புகையின் நிறத்தைப் பார்த்தே சொல்கிற ஒரு பெரியவர் அங்கே இருந்தார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார், கண்ணை மட்டும் புகையிலிருந்து எடுக்கவே இல்லை.

இன்னொரு விஷயம். சூளை தான் நிற்கிற மண்ணையே தின்னும். சுற்றியுள்ள நல்ல மண் தீர்ந்ததும் பள்ளம்தான் மிச்சம். மழையில் அது குட்டையாகும், அப்புறம் குப்பை கொட்டி மேடாகும், அதன்மேல் வீடு வரும். அந்த வீட்டுக்கும் கல் வேண்டும், அது அடுத்த சூளையிலிருந்து வரும்.

இப்படி வெந்த கல்தான் இந்த நகரம். பழைய மெட்ராஸ் வீட்டின் மட்டப்பாவைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: தேக்குக் கட்டைகளுக்கு மேலே, ஒரு அங்குலக் கனமே உள்ள சின்னச் செங்கற்களைப் படுக்கவைக்காமல் குத்தாக நிறுத்தி, கோணலாக வரிசை கட்டியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியியல் பாடத்திலேயே இதற்குப் பெயர் உண்டு. எங்கள் வீட்டில் வெளியே 42 டிகிரி கொளுத்தும்போதும் கூடத்தில் மதியம் தூங்க முடிந்தது. ஆயா அந்தக் கூடத்தை விட்டு மின்விசிறிக்குக் கீழே வரவே மாட்டார்.

வீட்டை விடுங்கள். சிவப்புக் கட்டடங்களைப் பாருங்கள். விக்டோரியா பப்ளிக் ஹால், 1892-ல் கட்டி முடித்த உயர் நீதிமன்றம், 1896-ல் திறந்த கன்னிமரா நூலகம், 1908-ல் வந்த எழும்பூர் ரயில் நிலையம். உயர் நீதிமன்றத்தின் வெளிச்சுவரில் பூச்சு கிடையாது, கல் அப்படியே முகம் காட்டுகிறது. பூச்சு போட்டால் கோணல் கல்லையும் மறைத்துவிடலாம், இங்கே ஒரு கல் சரியில்லாவிட்டாலும் கண்ணில் குத்தும். அதற்கு எவ்வளவு தேர்ந்த கை வேண்டும்! வரைந்தவர்கள் பிராஸிங்டன், ஹென்றி இர்வின் என்று தெரிகிறது. கட்டியவர் நம்பெருமாள் செட்டியார் என்று தெரிகிறது, சந்தோஷம், ஒரு தமிழ்நாட்டுக் கட்டடக்காரர் பெயராவது நின்றதே. மண்ணை மிதித்தவர் பெயர் ஒன்றுகூட எங்கும் இல்லை.

இதை நினைத்துக்கொண்டு இருந்தபோதுதான் மில் ஞாபகம் வந்தது. ஏனென்றால் எங்கள் பேட்டையின் இரண்டாவது வாழ்க்கை மில். சூளைகள் நகர்ந்து போன பிறகு இந்தப் பகுதியைப் பிடித்தது பஞ்சு. சூளை மில் என்றே ஒரு நூல் ஆலை இருந்தது. அதைவிடப் பெரியது பின்னி கம்பெனியின் பக்கிங்காம் மில்லும் கர்னாடிக் மில்லும். முதலாவது 1876-லும் அடுத்தது 1881-லும் கம்பெனியாகத் தொடங்கி, 1920-ல் இரண்டும் ஒன்றாகி, பி அண்ட் சி மில் ஆனது. இன்னொரு பக்கம் 1856-லிருந்தே பெரம்பூரில் ரயில்வே பட்டறை. அந்த வருஷம் ஜூலை 1-ஆம் தேதிதான் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் புறப்பட்டது. பெரியமேட்டில் தோல். புளியந்தோப்பில் ஆடு வெட்டுகிற ஆடுதொட்டி. ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு நகரத்துக்கு வேண்டிய அத்தனை அழுக்கு வேலையையும் பார்த்துவிடலாம்.

தாத்தா பி அண்ட் சி-யில் நெசவுப் பிரிவில் இருந்தார். வீட்டில் கடிகாரம் இருந்தது, ஆனால் நேரம் பார்த்தது மில் சங்கை வைத்துத்தான். சங்கு ஊதினால் உலை வைக்க வேண்டும், அடுத்த சங்குக்குச் சாப்பாட்டுக் கூடை கிளம்ப வேண்டும் என்று ஆயாவின் நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் ஓடியது. தாத்தா ஓய்வு பெற்ற பிறகும் சங்கு கேட்டால் ஒரு நொடி தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

அந்த மில்லைப் பற்றி எவ்வளவு தெரிகிறது பாருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் இடைவேளை, அது போதாது என்பது தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று என்று தெரிகிறது. மில்லுக்குப் பக்கத்தில் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு பக்திச் சபை, அதை நடத்தியவர்கள் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகள், சொற்பொழிவு கேட்க வந்த தொழிலாளர்கள் அவர்களிடம் தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள் என்று தெரிகிறது. அந்த வியாபாரிகள் போய், அன்னி பெசன்ட்டோடு வேலை செய்துகொண்டிருந்த பி.பி. வாடியாவைப் பார்த்தார்கள், 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. மில் நிர்வாகம் வாடியா மேல் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது, அதே சிவப்புக் கட்டடத்தில்தான். அந்த வழக்கு கிளப்பிய பேச்சு 1926-ல் வந்த தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு முக்கியக் காரணம். இன்று எந்த ஊரில் யார் சங்கம் வைத்தாலும், எங்கள் பக்கத்துத் தெருக்களில் தொடங்கிய அந்தச் சண்டைக்கும் அதில் பங்கு உண்டு.

நல்லது மட்டும் நடக்கவில்லை. 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் இழுத்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் வெளியே நிற்க, சண்டை சாதிச் சண்டையாகிவிட்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. தாத்தா அப்போது நடை பழகுகிற குழந்தை. பெரியவர்கள் சொல்லக் கேட்டதை எங்களிடம் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஒரே தறிக்கு எதிரெதிரே நின்றவர்கள் ஒரே தெருவில் நடக்க முடியாமல் போனார்கள் என்பார். இந்தப் பகுதியின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

மில் 1996-ல் மூடப்பட்டது. கொஞ்ச காலம் அந்த இடிந்த கூடங்களில் சினிமாப் படப்பிடிப்பு நடந்தது, எத்தனையோ சண்டைக்காட்சிகளில் எங்கள் தாத்தாவின் மில் சுவர் வந்துபோயிருக்கிறது. இப்போது அங்கே அடுக்குமாடிகள்.

நான் கேட்க நினைப்பது இதுதான். மில்லுக்குத் தேதி இருக்கிறது, தலைவர்கள் பெயர் இருக்கிறது, வழக்கு இருக்கிறது. செத்தவர்களுக்காகக் கூட்டம் கூடுகிறது. சூளைக்கு ஏன் ஒரு சொல் மட்டும் மிஞ்சியது? பழையது என்பதால் மட்டும் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. மில்லில் ஆயிரக்கணக்கானவர்கள் வருஷம் முழுக்க ஒரே வாசல் வழியாகப் போய் வந்தார்கள். ஒரே சங்குக்கு எழுந்தார்கள். மாலையில் ஒரே சபையில் உட்கார்ந்தார்கள். குறையைச் சொல்ல ஆள் கிடைத்தது, சேர்ந்து நிற்க இடம் கிடைத்தது. சூளையில் குடும்பம் குடும்பமாகத் தனித்தனிப் பட்டறையில் வேலை. தையில் வருவார்கள், மழைக்கு முன்னால் போய்விடுவார்கள், அடுத்த வருஷம் அதே சூளைக்கு வருவார்களா என்பதே உறுதியில்லை. அந்தச் சூளையே அங்கே இருக்குமா என்பதும் உறுதியில்லை. காலுக்குக் கீழே நிலம் நகர்ந்துகொண்டே இருந்தால் எங்கே நின்று சங்கம் வைப்பது?

இதைப் பழங்கதையாகச் சொல்லவில்லை. திருவள்ளூர்ப் பக்கம் போனால் உயரமான புகைபோக்கி வைத்த சேம்பர் சூளைகள் நிறைய இருக்கின்றன. அங்கே கல் அறுப்பவர்களில் நிறையப் பேர் ஒடிசாவிலிருந்து வருகிறவர்கள். ஊரிலேயே முன்பணம் வாங்கிக்கொண்டு ரயிலேறுகிறார்கள். அந்தக் கடன் தீர்கிறவரை அசைய முடியாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976-ல். அதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் கழித்தும் அந்த மாவட்டத்துச் சூளைகளிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களை அதிகாரிகள் மீட்டு ஊருக்கு அனுப்பிவைத்திருக்கிறார்கள், குழந்தைகள் உட்பட. செய்தி ஒரு நாள் வரும். அப்புறம் அடுத்த தை வரும்.

அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல் இப்போது அதிகம் வருகிறது. வயல் மண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்று மத்திய அரசு 1999-லேயே அதற்கு அறிவிக்கை போட்டது. எங்கள் புது வீட்டுக்கும் சாம்பல் கல்தான் பேசியிருக்கிறோம். சுட வேண்டாம், மண்ணும் வேண்டாம், அளவும் பிசகாது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். தட்டினால் மட்டும் அந்தச் சத்தம் வராது.

மூன்றாம் நாள் மாலை லாரி வந்தது. முழுசாக இருந்த கல்லெல்லாம் தனியாக, உடைந்ததெல்லாம் தனியாக ஏற்றினார்கள். எங்கே போகிறது என்று மேஸ்திரியைக் கேட்டேன். "நல்ல கல்லு செங்குன்றம் பக்கம் ஒருத்தர் வீட்டு காம்பவுண்டுக்கு சார். உடைசல் ஜல்லிக்கு. தளத்துல போடுவாங்க" என்றார். செங்குன்றத்தைத் தாண்டினால் சூளைகள்தான். நான் ஒரு கல் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, "உங்க வீட்டுக் கல்லு, என்னைக் கேக்குறீங்களே" என்று சொல்லி, அவரே குவியலில் தேடி, இரண்டைத் தட்டிப் பார்த்து, சத்தம் நன்றாக வந்த ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார்.